வலப்பக்கம்

இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இருக்கிறது என்று தெரியும், ஆனாலும் இல்லை. முதுகில் ஊசி குத்திய கொஞ்ச நேரத்தில் பாதம் சூடாகி, பிறகு எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து, பிறகு யாரோ இரண்டு தொடைமேலும் சிமெண்ட் மூட்டையை அடுக்கிவிட்டுப் போய்விட்டதுபோல் ஆகிவிட்டது. நாச்சிமுத்து கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தார். ஆடியதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்றால் நெஞ்சுக்கு மேலே குறுக்காகப் பச்சைத் துணியைத் திரைபோல் கட்டிவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய தலையும் இரண்டு கைகளும். அந்தப் பக்கம் மிச்சமெல்லாம். கைகளையும் சும்மா விடவில்லை, பக்கவாட்டில் நீட்டி கைக்கொரு பலகையில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள், ஓடிவிடுவார் என்பதுபோல். எங்கே ஓடுவது, காலே இல்லாமல். குளிர் வேறு. பல் தானாக அடித்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டதற்கு வார்டு நர்ஸ், "ஆபரேஷன் முடியட்டும் தாத்தா, குடமே தர்றேன்" என்றாள். தாத்தாவாம். இவள் என்ன அவர் பேத்தியா? முதலில் போகவேண்டியது அவரும் இல்லை. அவருக்கு முன்னால் இன்னொரு ஆள் இருந்தான், பக்கத்துக் கட்டில், அவனுக்கும் இதே குடலிறக்கம்தான். வாசல்வரை கொண்டுவந்த பிறகு அவனுக்கு பிரஷர் ஏறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டு, "வாங்க பெரியவரே, உங்களை முன்னாடி எடுக்கறோம்" என்றார்கள், என்னமோ கோயிலில் முதல் மரியாதை கொடுப்பதுபோல். வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? தள்ளுவண்டியைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். சரக்கு. லோடு மாற்றுகிற மாதிரி. அவர் லாரி ஓட்டிய காலத்தில் மூட்டைக்குக்கூட இதைவிட மரியாதை இருந்தது, ஈரம் படுமே என்று தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். இங்கே அவருடைய இடுப்புக்குக் கீழே என்ன மூடியிருக்கிறது, என்ன மூடவில்லை என்றுகூடச் சொல்வாரில்லை.

திரைக்கு அப்பால் டாக்டரின் குரல் கேட்டது. ராகவேந்தர். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். வெளிநோயாளிகள் பகுதியில் முதல்நாள் பார்த்தபோது, வரிசையில் அத்தனை சனம் நிற்கும்போது, "இத்தனை வருஷம் இதைத் தூக்கிட்டு என்னய்யா பண்ணிட்டிருந்தே? யாராச்சும் வந்து வாங்கிக்குவாங்கன்னு வெச்சிருந்தியா?" என்று கேட்ட குரல். சனம் சிரித்தது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற அவரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார், அதுதான் இன்றைக்குவரை ஆறவில்லை. ஏன் சிரித்தோம்? மகனென்று ஒருவன் இருந்திருந்தால் அவன் வயசுகூட இருக்காது அந்த டாக்டருக்கு. 'நீ ஸ்டியரிங் பிடிச்சு உட்கார்ந்து பாரு, அப்பத் தெரியும் எதை எத்தனை வருஷம் தூக்கிட்டிருக்கலாம்னு' என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்த பிறகுதான் அந்தப் பதில் வந்தது. எப்போதுமே அப்படித்தான், அவருக்குப் பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். வந்து என்ன செய்ய, யாரிடம் சொல்ல. பெண்டாட்டி பொன்னாத்தாள் இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் அதே டாக்டர் அனுப்பினார் என்று ஒரு சின்ன டாக்டர் வந்து, பார்க்க வந்த சனமெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வேட்டியை விலக்கச் சொல்லி வலப்பக்கத் தொடை இடுக்குக்குமேல் தடிப் பேனாவால் ஓர் அம்பு போட்டார். கறுப்பு அம்பு. பக்கத்துக் கட்டில்காரனின் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தையில் வாங்கின கிடாய்க்கு முதுகில் சாயம் வைப்பார்கள், இது இன்னாருடையது என்று, அந்த மாதிரி. இரவெல்லாம் அந்த இடம் அரித்தது. பேனா மையா அரிக்கும்? அரித்தது. காலையில் ஒரு சோப்பைக் கொடுத்து நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். சொன்னதைத்தானே செய்தார்? துண்டின் முனையை முறுக்கி, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்து, அந்த அம்பு இருந்த சுவடே தெரியாமல் போக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. என் உடம்பில் எழுத நீ யார்?

"கையைக் காலைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். ஆரம்பிக்கலாமான்னு சிஸ்டரைக் கேளுங்க சபீனா." டாக்டர்தான். சபீனா என்பது நாச்சிமுத்துவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மயக்க டாக்டரம்மா. ஊசி போட்டபோது, "குனிஞ்சு பூனை மாதிரி முதுகை வளைங்க ஐயா" என்று சொன்னவள். இங்கே ஐயா என்று கூப்பிட்ட ஒரே ஆள். "சிஸ்டர், சார் ஆரம்பிக்கலாமான்னு கேட்கறாங்க" என்றாள் அவள். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி படிக்கிற லிஸ்ட்டைப் படிக்காம ஆரம்பிக்க முடியாதுன்னு சொல்லுங்க மேடம்" என்றது சுவரோரம் நின்ற ஒரு பெண்குரல். எஸ்தர் சிஸ்டர். உள்ளே கொண்டுவரும்போது பார்த்தார், உயரமான பொம்பிளை, முகத்தில் மூடி கட்டியிருந்தாலும் கண்ணிலேயே கோபம் தெரிந்தது. வண்டியைத் தள்ளிவந்த ஆள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்: போன மாசம் ஒரு ஆபரேஷனில், வயிற்றைத் தைக்கும்போது, பஞ்சுத்துணி எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, தைக்கக் கூடாது என்று சிஸ்டர் நிறுத்திவிட்டாளாம். டாக்டர் ட்ரேயைத் தூக்கி வீசினாராம். துணி கடைசியில் மேசைக்கு அடியில் யாருடைய செருப்பிலோ ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். "அன்னையிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. நடுவுல அந்தம்மா மாட்டிக்கிட்டு முழிக்குது" என்று சிரித்தான். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் கொண்டுபோய் வெட்டக் கொடுக்கிற இடத்தில் இப்படி ஒரு கூத்தா என்றுதான் தோன்றியது.

ஆனால் இப்போது கேட்கக் கேட்க, அந்தப் பேச்சு அவருக்குப் புதிசாக இல்லை. ரொம்பப் பழகின பேச்சு. அவர் வீட்டுப் பேச்சு. அவரும் தம்பி சென்னியப்பனும் ஒரே வீட்டில், நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு, கிணறும் களமும் பொதுவாக, இத்தனை காலம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "மோட்டாரை நிறுத்தச் சொல்லு உன்ற கொழுந்தனை." "அரை மணி நேரமாகும்னு சொல்லுங்க அண்ணி உங்க ஊட்டுக்காரர்கிட்ட." இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள், நடுவில் பொன்னாத்தாள், கையில் முறத்தோடு, இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு வேற வேலையில்லையா, காது நல்லாத்தானே கேட்குது ரெண்டு பேருக்கும்" என்பாள். அவள் செத்த அன்றைக்குப் பாடை கட்டுகிற இடத்தில் கயிறு வேண்டியிருந்தது. சென்னியப்பன் கையில் கயிறு இருந்தது. கேட்க ஆளில்லை. இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் அவள் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சீ, அதையெல்லாம் எதற்கு இப்போது நினைக்க. அவன் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறான். யார் கூப்பிட்டார்கள்? கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டும் என்றதும் எவனோ ஊரில் போய்ச் சொல்ல, பஸ் ஏறி வந்து நிற்கிறான். நேற்று ராத்திரி கட்டில் காலடியில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல், நர்ஸிடம், "அவருக்கு வெந்நீர் வேணுமான்னு கேளுங்க" என்றான். நர்ஸ், "நீங்களே கேளுங்க, எனக்கு இன்னும் பதினாலு கட்டில் இருக்கு" என்று போய்விட்டாள். அவன் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வெந்நீர் வரவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க பேரும், என்ன வேலைங்கறதும் சொல்லுங்க" என்று சிஸ்டர் படித்தாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகம். "எத்தனை வருஷமா ஒரே ரூம்ல நிக்கிறோம், என் பேரு என்னன்னு இன்னைக்குத்தான் தெரியணுமா? கேளுங்க சபீனா." "சார், சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. ப்ளீஸ்." "ராகவேந்தர். கசாப்புக்காரன். போதுமா? டிக் பண்ணச் சொல்லுங்க." யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "சர்ஜன்னு எழுதிக்கறேன்னு சொல்லுங்க மேடம்." கசாப்புக்காரன் என்ற வார்த்தை நாச்சிமுத்துவின் அடிவயிற்றில் போய் விழுந்திருக்கும், அடிவயிறு இருந்திருந்தால். நெஞ்சிலேயே நின்றுவிட்டது. விளையாட்டாகத்தான் சொல்கிறான். விளையாடுகிற இடமா இது? அவரும் விளையாடியிருக்கிறார், இல்லையென்று சொல்ல முடியாது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் திருப்புவார், பக்கத்தில் கிளீனராக உட்கார்ந்திருக்கிற சென்னியப்பன் சாமி பேரைச் சொல்வான். ஆனால் அது இரும்பு. இது வேறு. "பேஷண்ட் பேர் நாச்சிமுத்து, சரியா?" என்று சிஸ்டர் கேட்டாள். சரிதான் என்று அவர் வாயைத் திறப்பதற்குள், "சரி, சரி, போர்டுல எழுதியிருக்கு பாருங்க" என்றார் டாக்டர். கேள்வி யாரிடம்? பதில் யாரிடமிருந்து? ஆளை மேசைமேல் போட்டுக்கொண்டு ஆளின் பேரைப் பலகையிடம் கேட்கிறார்கள்.

"என்ன ஆபரேஷன்?" "ஹெர்னியா." "எந்தப் பக்கம்?" டாக்டர் தலையைத் திருப்பிச் சுவரில் இருக்கிற பலகையைப் பார்த்திருக்க வேண்டும். "லெஃப்ட்."

லெஃப்ட். நாச்சிமுத்து மூன்றாவதுக்குமேல் படிக்கவில்லை. ஆனால் லெஃப்ட்டும் ரைட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை வைத்துத்தானே வயிறு கழுவினார். லெஃப்ட்ல ஒடி, ரைட்ல வாங்கு. லெஃப்ட் என்றால் கியர் போடுகிற கை. ரைட் என்றால் ஜன்னல் பக்கம், வெயிலில் கருத்துக் கருத்து மற்ற கையைவிட ஒரு நிறம் கூடிப்போன கை. அவருக்கு இறங்கியிருப்பது ஜன்னல் பக்கம். நின்றால் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும், இருமினால் இன்னும் பெரிசாகும். படுத்துவிட்டால் எங்கே போயிற்று என்று தெரியாமல் உள்ளே போய்விடும். இப்போது அவர் படுத்திருக்கிறார். அது உள்ளே போய்விட்டது. அம்பு சோப்புத் தண்ணீரோடு சாக்கடையில் போய்விட்டது. அப்படியானால் திரைக்கு அப்பால் இப்போது எந்தப் பக்கம் எது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு கிழவனின் தோல். "சைட் மார்க் பண்ணியிருக்கா?" என்று சிஸ்டர் படித்தாள். "நேத்தே போட்டாச்சு." "இருக்கான்னு பார்த்தீங்களான்னு கேட்குது லிஸ்ட்ல. மேடம், பார்த்தாரான்னு கேளுங்க." "துணியெல்லாம் போர்த்தியாச்சு சபீனா. இவங்களுக்காக மறுபடி அவுத்துக் காட்டணுமா? இந்தப் பேப்பர் வந்ததிலிருந்து வேலை செய்யறதவிடப் பதில் சொல்றதுதான் ஜாஸ்தி. மூணு கேஸ் வெளியே வரிசையில கிடக்குது." சிஸ்டர் எதுவும் சொல்லவில்லை. எழுதுகிற சத்தமும் கேட்கவில்லை. எழுதினாளா, எழுதாமல் நிற்கிறாளா? அந்தப் பெண் நிற்கிறாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்தது. பேசாமல் நிற்கிறவர்களை அவருக்குத் தெரியும்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. ஆனால் ஏன் சொல்ல வேண்டும்? என்னைக் கேட்டார்களா? காலையில் வார்டு நர்ஸ் கேட்டது உண்மைதான், "எந்தப் பக்கம் தாத்தா?" என்று. "அதான் எழுதி வெச்சிருக்கீங்கல்ல, பார்த்துக்குங்க" என்று அவரும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதெல்லாம் கேட்கிற விதமா? தாத்தா என்கிறாள், முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள். மதித்துக் கேட்டால் சொல்லியிருப்பார். இந்த டாக்டர் இந்தப் பக்கம் ஒரே ஒரு தரம் தலையை நீட்டி, ஏங்க உங்களுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கட்டும், சொல்கிறார். கேட்காதவனிடம் வலியப் போய்ச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை, இந்த வயசுக்குமேலா பழகப் போகிறார். வெட்டட்டும். இடப்பக்கம் வெட்டித் திறந்து பார்க்கட்டும், ஒன்றுமில்லாமல் முழிக்கட்டும், அத்தனை பேர் முன்னால் இந்த டாக்டர் தலை குனியட்டும். அப்போது நான் சிரிக்கிறேன். அந்த நினைப்பு ஒரு மிட்டாய் மாதிரி வாயில் கரைந்தது. கரைந்து முடிந்ததும் அடியில் வேறு ருசி. வெட்டுப்படப் போவது யார்? டாக்டரா? இடப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு வலப்பக்கம் இன்னொன்று. இரண்டு காயத்தோடு எழுந்து நடக்கிற வயசா, சோறு வடித்துப் போட வீட்டில் யார் இருக்கிறார்கள்? சர்க்கரை வேறு இருக்கிறது, காயம் சீக்கிரம் ஆறாது என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னார். திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்று உள்ளே தோண்டிக்கொண்டே போனால்? சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. தெரியாமலே எல்லாம் நடந்துமுடியும்.

"கடைசிக் கேள்வி" என்றாள் சிஸ்டர். "இந்த ரூம்ல யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருந்தா, சொல்ல வேண்டியது இருந்தா, இப்பச் சொல்லலாம்." வாய்ப்பாட்டு ராகம் இந்த இடத்தில் இல்லை. மெதுவாகத்தான் படித்தாள். யாருக்காவது. அதில் அவரும் சேர்த்தியா? இந்த ரூமில்தானே அவரும் கிடக்கிறார்? அவர் சொன்னார். "வலப்பக்கமுங்க" என்றார். நிச்சயமாகச் சொன்னார், உதடு அசைந்தது, காற்று வெளியே போனது. ஆனால் பல் அடித்துக்கொண்ட சத்தமும், ஏசி இரைச்சலும், தலைமாட்டில் அந்தப் பெட்டி டிக் டிக்கென்று அடிக்கிற சத்தமும் அதைத் தின்றுவிட்டன. யாரும் திரும்பவில்லை. "அப்பாடா. முடிஞ்சுதா? நைஃப் குடுங்க" என்றார் டாக்டர்.

சொன்னேனே. நான் சொன்னேனே. அந்த வார்த்தை அவருக்குள் புரண்டபோது அது அவருடைய குரலில் இல்லை. சென்னியப்பனின் குரலில் இருந்தது. சிமெண்ட் குடோன் முற்றம், உச்சி வெயில், பின்னால் எடுக்கிற வண்டி. பின்பக்கம் சென்னியப்பன் நின்று வண்டி உடம்பைத் தட்டிக்கொண்டே வருவான்: தட்டிக்கொண்டே இருந்தால் வரலாம், இரண்டு தரம் ஓங்கி அடித்தால் நிறுத்த வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில், குழம்பு ஊற்ற வந்தவனிடம் சிரித்துப் பேசினான் என்று அத்தனை பேர் பார்க்க அவனை ஓர் அறை அறைந்திருந்தார் நாச்சிமுத்து. அதற்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது நினைவில்லை, வெயில், தூக்கமில்லாத ராத்திரி, ஏதோ ஒன்று. அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. வண்டி பின்னால் போயிற்று. தட்டுகிற சத்தம் நின்றது. நின்றால் என்ன அர்த்தம், வரலாமா, கூடாதா? அவர் போட்டது போட்டபடி போனார். தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் மூட்டை இறக்குகிற ஆளின் கால் இருந்தது. கால் போயிற்று, வண்டி போயிற்று, லைசென்ஸ் போயிற்று. "பார்த்துக்கிட்டே நின்னான், வாயைத் திறக்கல. வன்மம் வெச்சுப் பழிவாங்கிட்டான்" என்று அவர் பஞ்சாயத்தில் சொன்னார். "நான் சொன்னேன். நிறுத்துங்க, ஹோல்டான்னு கத்துனேன். அண்ணனுக்குக் கேட்கல" என்று அவன் சொன்னான். பொய் என்றார். இன்றைக்குவரை பொய் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இஞ்சின் இரைச்சல் பெரிசாகத்தான் இருந்தது. ஒருவேளை. ஒருவேளையும் இல்லை, கிருவேளையும் இல்லை, அதை யோசிக்க இதுவா நேரம், திரைக்கு அப்பால் எதையோ ட்ரேயிலிருந்து எடுக்கிற கிணுக்கென்ற சத்தம்.

"ஹோல்டான்!"

எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லாததால் முழுக்க நெஞ்சிலிருந்தே வந்தது, கீழே பள்ளத்தில் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரி. "ஹோல்டான்! ஹோல்டான்! எடுக்காத, எடுக்காத!" தலைமாட்டுப் பெட்டி படபடவென்று அடித்தது. சபீனா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "யாரது?" என்றார் டாக்டர். "பேஷண்ட் சார்." "என்னவாம்? என்னன்னு கேளுங்க." அதைக் கேட்டதும்தான் நாச்சிமுத்துவுக்குப் பயமெல்லாம் போய்க் கோபம் தலைக்கேறியது. "என்னை நேராக் கேளுங்க டாக்டரே! நான் இங்கதான் படுத்திருக்கறன். எனக்குக் காது இருக்குது, வாயும் இருக்குது." பிறகு திரைக்குமேல் ஒரு தொப்பியும் இரண்டு கண்களும் எழும்பின. அந்தக் கண்கள் இவ்வளவு தூங்காத கண்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "சொல்லுங்க" என்றது வாய்மூடிக்குள்ளிருந்து.

"வலப்பக்கமுங்க. இடப்பக்கம் எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"மார்க் போட்டிருக்குமே."

"அழிச்சுப்போட்டனுங்க."

"அழிச்சீங்களா? ஏன்?"

அதற்குப் பதில் வரவில்லை. இன்னும் வீட்டுக்குப் போகவில்லை அல்லவா. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது, வேகமாக. "கேஸ் ஷீட்ல ரைட்டுன்னு இருக்கு சார்" என்றாள் எஸ்தர் சிஸ்டர். சார் என்றாள், மேடம் என்று இல்லை. "போர்டுல இருக்கறது திருப்பி அனுப்பின ஆளோடது. ரெண்டு பேருக்கும் ஹெர்னியாங்கறதால பேரை மட்டும் அழிச்சு மாத்தி எழுதியிருக்காங்க. பக்கத்தை மாத்தல. நானும் கவனிக்கல சார்." கத்தியை எடுத்த இடத்திலேயே வைக்கிற சத்தம் கேட்டது. "துணியை எடுங்க சிஸ்டர். பார்த்துடலாம்." பிறகு அவர் குரல் திரையருகே வந்தது. "எங்கே, எந்தப் பக்கம்னு இன்னொரு தரம் சொல்லுங்க." வலப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தவருக்குத் திடீரென்று தடுமாறியது. உடம்பே இல்லாத இடத்தில் வலம் எது, இடம் எது? எதிரே நிற்கிறவருடைய வலமா, தன்னுடைய வலமா? கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டியரிங். ஜன்னல். வெயில் படுகிற கை. அந்தக் கையின் விரல்களைப் பட்டைக்குள்ளேயே மடக்கி நீட்டினார். "இந்தப் பக்கம்" என்றார். "இருமுங்க." இருமினார். இருமல் பாதிதான் வந்தது. "இன்னும் பலமா." நெஞ்சு கிழிய இருமினார். யாருடைய கை எங்கே தொட்டதோ அவருக்குத் தெரியவில்லை. "ம், வருது" என்றார் டாக்டர். "ரைட். பாருங்க சிஸ்டர்." "ஆமா சார். ரைட்தான்."

யாரும் பாராட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, நல்ல வேளை சொன்னீங்க என்று, அதுகூட வேண்டாம். ஆனால் டாக்டர் திரும்பவும் திரைக்குமேல் தலையை நீட்டி, "ஏங்க, வார்டுல உங்ககிட்டக் கேட்டாங்கல்ல? கேட்டப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க? நாங்க எழுதினதை நீங்க அழிச்சிட்டுக் கமுக்கமாப் படுத்துக்குவீங்க, தப்பா வெட்டினா நாளைக்கு டாக்டர் தப்புன்னு வாசல்ல உட்காருவீங்க. இல்ல?" என்றார். நீங்க என்றுதான் சொன்னார், நீ என்று இல்லை. அதனால் குத்து குறைந்துவிடவில்லை. தலை மறைந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு முகம் எரிந்தது. கமுக்கமா? யார் கமுக்கமாக இருந்தது? இந்த ரூமில் வாயைத் திறந்த ஒரே ஆள் யார்? பலகையைப் பார்த்துப் பதில் சொன்னது யார்? திரைக்கு அப்பால் சிஸ்டர் அந்தக் காகிதத்தை மறுபடி மேலிருந்து படித்தாள். எல்லோரும் பேர் சொன்னார்கள். இந்தத் தடவை கசாப்புக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. "நாச்சிமுத்து ஐயா, உங்க பேர் சரிதானுங்களே?" என்று அவரையே கேட்டாள் சிஸ்டர், அவரும் சரியென்றார், சரியென்று சொல்லும்போதும் மனசு அதில் இல்லை. கமுக்கமாம். முதல்நாள் சனம் சிரிக்கச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். தையல் பிரிக்கிற அன்றைக்குப் பேசிக்கொள்கிறேன். இல்லை, பேசவே கூடாது. டாக்டர் வந்து கட்டிலருகே நின்று எப்படி இருக்கீங்க என்பார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிஸ்டரிடம் சொல்லச் சொல்லலாம், நல்லா இருக்காராம்னு சொல்லுங்க என்று. சிஸ்டர் சொல்வாளா? மாட்டாள். "சிஸ்டர், லைட் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க." "போதுங்களா சார்?" "இன்னும் கொஞ்சம். ம், போதும்." பாருங்கள், அவர்கள் இரண்டு பேரும் நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், கூடிக்கொண்டார்கள், எல்லாம் இவர் செலவில். திட்டு இவருக்கு. வெளியே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், இதெல்லாம் அவனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வான்? உள்ளே ஹோல்டான் என்று கத்தினது அவனுக்குக் கேட்டிருக்குமோ? கதவு கெட்டிக் கதவு. கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கேட்கவில்லை என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா? நம்பத்தான் வேண்டுமோ என்னவோ. கண் சொருகிக்கொண்டு வந்தது. சொருகக் கூடாது, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு காதை அங்கேயே வைத்திருக்க வேண்டும். இன்னும் என்ன தாமதம்? மறுபடியும் ஏதாவது சண்டையா? அவர் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். "அம்மிணி, எப்பத்தான் ஆரம்பிப்பாங்க?"

சபீனா குனிந்தாள். கண்ணில் சிரிப்புத் தெரிந்தது.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுங்க ஐயா. பாதி முடிஞ்சுது. நீங்க தூங்குங்க."

நாச்சிமுத்து பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அதையும் எங்கிட்டச் சொல்லல பாருங்க" என்றார்.